பிள்ளைகளின் வீட்டுக்குப் போகும் கிடுகு

தென்னையின் உச்சியில், குருத்துக்குள், எவர் கண்ணிலும் படாமல் ஓர் ஓலை உருவாகி வெளியே தலைகாட்டவே ஏறக்குறைய இரண்டு வருடங்களுக்கு மேல் ஆகிறது. விரிந்த பின்னும் இரண்டு, இரண்டரை வருடம் அது மரத்தில் நின்று வெயிலை வாங்கிக் காய்க்கு ஊட்டுகிறது. நல்ல நெட்டைத் தென்னையில் வருடத்துக்கு 12 முதல் 14 ஓலைகள் புதிதாக விரியும். அதே கணக்கில் அடியில் உள்ளவை பழுத்துத் தொங்கி விழும். ஆக, முற்றத்தில் தொப்பென்று விழுந்து கிடக்கும் ஒரு மட்டைக்கு நாலைந்து வயது. பாலர் பாடசாலைக்குப் போகும் பிள்ளையின் வயது அது. அந்தப் பிள்ளைக்கு வளவின் மூலையில் ஒரு சின்ன வீடு கட்டிக்கொடுக்க நினைப்பவர்கள் அந்த மட்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன்.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. வாவிக்கும் கடலுக்கும் இடையே நீளும் மணல் துண்டு எழுவான்கரை. கல்லடி, ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், தேத்தாத்தீவு, களுதாவளை என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போகின்றன. மணலும் உவர்க்காற்றும் தென்னைக்கு ஒத்துக்கொள்ளும். வாவியின் மேற்கே படுவான்கரை. அது வயலும் குளமும் மாடுமான நிலம். எழுவான்கரையின் ஒரு வளவில் விழுந்த மட்டைக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் இருக்கிறது. அதில் கடல் அதற்கு உதவாது. வாவிதான் உதவும்.

எல்லா மட்டையும் கூரை வேயும் கிடுகாகாது. இளம் பச்சை ஓலையை இழைத்தால் காயும்போது அது சுருங்கி இடைவெளி விடும், கூரை முழுக்க வானம் தெரியும். காய்ந்து மொறுமொறுத்ததை மடித்தால் ஒடியும். பழுத்து, தானாக விழும் தறுவாயில் இருப்பதே நல்லது. தேங்காய் பறிக்க ஏறுபவர் கழித்துப்போடும் அடி மட்டைகளும் சரி. ஒரு முழு ஓலை 15, 16 அடி நீளம் வரும். அதன் இரு பக்கமும் சேர்த்து 200க்கு மேற்பட்ட இதழ்கள். அடிமட்டையை வெட்டி எடுத்துவிட்டு, நடு நரம்பை நுனியிலிருந்து கத்தியால் பிளந்தால் ஓர் ஓலை இரண்டாகும். இந்தப் பிளத்தல் பார்க்கச் சுலபம்போல இருக்கும். கத்தி ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு பாதி தடித்தும் மற்றப் பாதி இதழ் உதிர்ந்தும் போகும். பழகிய கை கத்தியைத் தள்ளுவதே இல்லை. கத்தியை நிறுத்திவைத்து ஓலையை இழுக்கிறது.

பிளந்த பாதிகளைக் கட்டாகக் கட்டி வாவி ஓரத்தில், முழங்கால் அளவு தண்ணீரில் அமிழ்த்துவார்கள். மிதக்காமல் இருக்க மேலே தென்னங்குற்றியோ கல்லோ ஏற்றுவார்கள். சில நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் தண்ணீர் தேயிலைச் சாயம்போலக் கறுத்திருக்கும், மூக்கைத் துளைக்கும் ஒரு வாடையும் வரும். ஓலையிலிருந்த சாறும் இனிப்பும் தண்ணீரில் இறங்கிவிட்டதன் அடையாளம் அது. பூச்சிக்குப் பிடித்தவை அவைதான். அவை போன பின் மிஞ்சுவது நார். ஊறிய ஓலை மடிந்து கொடுக்கும், ஒடியாது.

தேத்தாத்தீவுப் பக்கம் கிடுகு இழைக்கும் ஓர் அம்மாவிடம், கிணற்றடியில் ஒரு கிடங்கு வெட்டி நல்ல தண்ணீரில் ஊறவிட்டால் ஆகாதா என்று கேட்டேன். "ஊறும் மனே, ஏன் ஊறாது? ஆனா உப்புத் தண்ணி குடிச்ச ஓலையக் கறையான் லேசுல கிட்டாது. நல்ல தண்ணி ஓலைக்கு அந்தத் தைரியம் இல்ல," என்றார். மாரி கொட்டி வாவி நிரம்பி, முகத்துவாரத்தை வெட்டிக் கடலுக்குத் தண்ணீர் விடும் நாட்களில் ஓலை ஊறவைக்க அவர் விரும்புவதில்லை. அப்போது வாவியில் உப்புக் குறைந்துவிடும். கோடை நடுவில், தண்ணீர் வற்றி உவர் ஏறியிருக்கும்போது ஊறியதே நல்ல கிடுகு என்பது அவர் கணக்கு.

பிறகு இழைப்பு. பாதி ஓலையைத் தரையில் நீட்டிவைத்து, நடு நரம்பைக் கால்விரலால் அமர்த்திப் பிடித்துக்கொண்டு, ஓர் இதழை விட்டு ஓர் இதழை எதிர்ப்பக்கம் மடித்து, மேலும் கீழுமாக நுழைத்து இழுப்பார்கள். சாய்ந்த சதுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழும். விளிம்பு வந்ததும் மிஞ்சிய நுனிகளைச் சேர்த்துப் பின்னி முடிப்பார்கள். ஆறு அடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் ஒரு கிடுகு பிறக்கிறது. கை தேர்ந்தவர் பேச்சை நிறுத்தாமலே இதைச் செய்வார். ஆனால் முதுகு அந்த நேரமெல்லாம் வளைந்தே இருக்கிறது, ஈர ஓலை விரல் நுனிகளைக் கீறிக்கொண்டே இருக்கிறது. வாவிக் கரையோரக் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகளின் கொப்பிக்கும் சீருடைக்கும் இந்த விரல்கள் கொடுத்த காசுதான் உதவியிருக்கிறது. கணவனைப் போரிலோ கடலிலோ இழந்த பெண்களுக்கு வீட்டை விட்டு வெளியே போகாமல் செய்யக்கூடிய தொழிலாகவும் இருந்தது இது. கிடுகு வாங்கப்போய்ப் பேரம் பேசுகிறவர்கள் ஒரே ஒரு கிடுகைத் தாங்களே இழைத்துப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

இழைத்த கிடுகு வெயிலில் காய்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, கட்டாகிறது. அந்தக் காலத்தில் கட்டுக் கட்டாகத் தோணியிலும், 'பாதை' என்று நாம் சொல்லும் மிதவையிலும் ஏறி வாவியைக் கடந்தது. மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்படும் வரை அங்கும் பாதைதான். குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும், குறுமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் பாதையில் போன மனிதர்களோடும் சைக்கிள்களோடும் நெல் மூட்டைகளோடும் ஓலைக் கட்டுகளும் பயணம் செய்திருக்கின்றன. வயல் வாடிக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் வைக்கோலும் இலுக்கும் அங்கேயே கிடைக்கும். ஆனாலும் கிடுகு வேய்ந்த கூரைக்கு ஒரு மதிப்பு இருந்தது.

கிடுகின் ஆயுள் கூரையில் ஒரு வருடம், நன்றாக வேய்ந்தால் இரண்டு. அதன்பின் அது செத்துப்போவதில்லை, இறங்குகிறது. வீட்டுக் கூரையிலிருந்து கழற்றியது குசினிக்கு வரும், அங்கே புகை குடித்து இன்னும் கொஞ்சக் காலம் இருக்கும். அல்லது வேலிக்குப் போகும், கிணற்றடி மறைப்பாகும், ஆட்டுக் கொட்டிலாகும். கடைசியில் அடுப்பெரிக்க, அல்லது தென்னையின் தூரைச் சுற்றி ஐந்தாறு அடி வட்டத்துக்குள் பரப்ப. ஓலையில் உள்ள பொட்டாசியத்தைத் தென்னை திரும்பக் கேட்கிறது. உப்பிலுள்ள குளோரைட்டும் தென்னைக்கு வேண்டியதே. அதனால் வாவியில் ஊறிய பழங்கிடுகை எரிக்காமல் தூரில் போடுபவரே கெட்டிக்காரர்.

இந்த இறங்கு படியில் பிள்ளைகளின் விளையாட்டு வீடு எங்கே வருகிறது? பெரும்பாலும் மிகக் கீழே. வேலியில் கழற்றிய ஓட்டைக் கிடுகு, முறிந்த கதிரைக் கால், கிழிந்த சாக்கு. இவற்றை வைத்துத்தான் நம் பிள்ளைகள் மாமர நிழலில் வீடு கட்டி, சிரட்டையில் மணற்சோறு காய்ச்சி, பூவரசம் இலையில் பரிமாறினார்கள். தமிழில் சிற்றில் என்று ஒரு வீடு இரண்டாயிரம் வருடமாக இருக்கிறது. பிள்ளைத்தமிழில் அதற்கென்றே ஒரு பருவம் உண்டு. அது மணல் வீடு, காலால் எத்தினால் கலைந்துவிடும். பெரியவர்கள் அதைக் கட்டிக்கொடுத்ததாக எங்கும் இல்லை. பிள்ளைகள் தாங்களாகக் கட்டினார்கள், தாங்களாக அழுதார்கள். அதன் அழகும் அதில்தான். ஆனாலும் மழை வந்தால் உள்ளே குந்தியிருக்கக்கூடிய ஒரு கூரை அவர்களுக்கென்று இருந்தால் அதன் சந்தோஷம் வேறு. அதற்கு நான் கேட்பது ஒன்றுதான்: சுவருக்குப் பழங்கிடுகு போதும், கூரைக்குப் புதுக்கிடுகு கொடுங்கள்.

கட்டுவதற்கு மேசன் வேண்டாம், தச்சர் வேண்டாம். அலவாங்கு, கத்தி, கைவாள், தும்புக் கயிறு, பிடிவாதம் இல்லாத ஒரு பெரியவர், கேள்வி கேட்கும் இரண்டு பிள்ளைகள். இவ்வளவு போதும்.

தரையில் 6 அடி நீளம், 5 அடி அகலத்தில் ஒரு நீள்சதுரம் கீறுங்கள். மூலைக்கொன்றாக நான்கு கப்பு, ஒவ்வொன்றும் 6 அடி. அதில் ஒன்றரை அடி மண்ணுக்குள் போகட்டும். அகலப் பக்கங்களின் நடுவில் ஒவ்வொன்றாக இன்னும் இரண்டு, இவை எட்டரை அடி. இவற்றிலும் அதே ஒன்றரை அடி புதையும். கவர் உள்ள கம்பாக இருந்தால் ஆணியே தேவையில்லை, கவருக்குள் வளை உட்கார்ந்துவிடும். இப்படிச் செய்தால் தாழ்வாரம் நாலரை அடியிலும் முகடு 7 அடியிலும் நிற்கும். அரை அகலம் இரண்டரை அடி, உயர்வும் இரண்டரை அடி, ஆகவே கூரையின் சாய்வு சரியாக 45 பாகை. ஓலைக் கூரைக்கு இந்தச் சாய்வு உயிர்நாடி. படுத்த கூரையில் தண்ணீர் தங்கி, ஓலை அழுகி, ஒரு மாரி தாங்காது. ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் இந்தக் கரையில் கொட்டும் மழையை ஒருமுறை பார்த்தவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எந்த மரம்? பூவரசு என்பேன். வேலியில் நிற்கிறது, வெட்ட வெட்டத் தழைக்கிறது. புதைக்கும் பகுதியை நெருப்பில் வாட்டி மேற்தோல் கரியாகும் வரை கருக்கினால் கறையான் தாமதமாகவே வரும். பழைய என்ஜின் ஒயில் பூசும் வழக்கமும் உண்டு, பிள்ளைகள் கட்டிப்பிடித்து ஏறும் கம்புக்கு அது வேண்டாம். கருக்காமல், மாரி தொடங்கும்போது பச்சைக் கம்பாகவே நட்டால் பூவரசு வேர் விட்டுத் துளிர்த்தாலும் துளிர்க்கும். வீட்டின் தூண் இலை விடுவதைப் பார்த்த பிள்ளையின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். துளிர் கூரையைக் கொஞ்சம் தள்ளினாலும் பரவாயில்லை என்றே தோன்றியது.

வாவிக் கரையில் கண்டல் மரங்கள் கைக்கெட்டும் தூரத்தில், நேராக, வழுவழுப்பாக நிற்கும். அதில் கத்தி வைக்க வேண்டாம். மீனும் இறாலும் குஞ்சு பொரித்து வளரும் இடம் அது, கரையைப் பிடித்து வைத்திருப்பதும் அதன் வேர். இலங்கை தன் கண்டல் காடுகள் முழுவதையும் பாதுகாப்பதாக 2015 இல் அறிவித்தது. தில்லை மரத்தை அடையாளம் தெரியாமல் வெட்டினால் தண்டனை உடனேயே கிடைக்கும். அதன் பால் தோலைப் பொக்களிக்கச் செய்யும், கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும். பிள்ளைகளுக்கு முதலில் காட்டிக்கொடுக்க வேண்டிய மரம் அது.

வளைகளைக் கட்டி, கைமரங்களைச் சாய்த்து, அவற்றின் குறுக்கே கமுகஞ் சிலாகைகளை 6 அங்குலத்துக்கொன்றாகக் கட்டுங்கள். கட்டு எல்லாம் தும்புக் கயிறு. கயிற்றை நனைத்துக் கட்டினால் முடிச்சு நன்றாக இறுகிப் பிடிக்கும். பிள்ளையின் தலை உயரத்தில் ஆணியோ கம்பியோ வேண்டவே வேண்டாம். இந்த முடிச்சுகளை ஏழு வயதுப் பிள்ளை போடும். அவிழும், மறுபடி போடும். நீங்கள் அவசரப்பட்டு வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.

இப்போது கிடுகு. தாழ்வாரத்திலிருந்து தொடங்கி முகட்டை நோக்கி ஏற வேண்டும். முதல் வரிசையைக் கட்டி, அடுத்ததை அதன்மேல் ஓர் அடி ஏறப்போட்டுக் கட்டினால், ஒன்றரை அடிக் கிடுகில் அரை அடி மட்டும் வெளியே தெரியும். எந்த இடத்தில் விரலை வைத்தாலும் அதன்கீழ் மூன்று கிடுகு இருக்கும். மழைத்துளி மூன்று கதவைத் தட்ட வேண்டும். நடு நரம்பு மேலே, இதழ் நுனி கீழே என்று எல்லா வரிசையும் ஒரே முகமாக இருக்கட்டும். ஒரு பக்கத்துக்கு 9 வரிசை வரும். தாழ்வாரம் சுற்றிலும் கொஞ்சம் வெளியே நீள வேண்டும். முகட்டில் இரண்டு பக்கமும் தொங்கும்படி கிடுகை மடித்துப்போட்டு, காற்று தூக்காமல் மேலே இரண்டு கம்பு வைத்துக் கட்ட வேண்டும். கூரைக்கு முப்பது கிடுகு சரியாகப் போகும். சுவருக்குப் பத்துப் பழசு.

சுவரை முழு உயரம் எழுப்பாதீர்கள். இரண்டரை அடி போதும், மேலே திறந்திருக்கட்டும். வெளியே நிற்கும் தாய்க்குப் பிள்ளையின் தலை தெரிய வேண்டும், உள்ளே நிற்கும் பிள்ளைக்குத் தான் மறைந்திருப்பதாகத் தோன்ற வேண்டும். வாசல் மூன்றரை அடி. பெரியவர்கள் உள்ளே வர விரும்பினால் குனிந்து வரட்டும். தரைக்கு வாவி மண் வேண்டாம், கடற்கரை மணலும் வேண்டாம். வளவின் மண்ணையே அரை அடி உயர்த்தி மொங்கானால் இடித்து, சாணம் மெழுகினால் மாரித் தண்ணீர் உள்ளே வராது.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. கிடுகு நெருப்பைக் காத்திருந்ததுபோல் வாங்கும். உண்மை அடுப்பு மூட்டிச் சோறு காய்ச்சி விளையாடுவது நல்ல விளையாட்டு, ஆனால் வீட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க. மே மாதத்துக்குப் பின் கச்சான் காற்று சூடாக அடிக்கத் தொடங்கிவிட்டால் அதுவும் வேண்டாம். இரண்டாவது, சிரட்டை. விளையாடிய சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்கப் பழக்குங்கள். மழைத்தண்ணீர் தேங்கிய சிரட்டையில்தான் டெங்கு நுளம்பு முட்டையிடுகிறது. மழைக்குப் பிறகு கூரையிடுக்கில் தேள், பாம்பு இருக்கிறதா என்று ஒரு தடியால் தட்டிப் பார்ப்பதும் வழக்கமாகட்டும்.

இந்தக் கரையில் கிடுகின் பயணம் எப்போதும் அமைதியாக இருந்ததில்லை. 1978 நவம்பர் 23 அன்று அடித்த சூறாவளியில் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்னைகளில் பத்தில் ஒன்பது அழிந்ததாக மதிப்பிட்டார்கள். சூறாவளி போன வழியெங்கும் ஏறக்குறைய இரண்டரை இலட்சம் கட்டடங்கள் சேதம். கூரையைப் பறித்த காற்று, கூரை தரும் மரத்தையும் சாய்த்துவிட்டுப் போனது. தென்னம்பிள்ளை நட்டுக் காய் பறிக்க ஆறேழு வருடம் வேண்டும். அந்த இடைவெளியில் தகரமும் ஓடும் வீடுகளில் ஏறின. ஏழை வீட்டிலும் கூரை பறக்காமல் இருக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது, அதைக் குறை சொல்ல மாட்டேன். பிறகு போர். பிறகு 2004 டிசம்பர் 26 இன் சுனாமி. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருந்த நாவலடி ஏறக்குறைய முழுவதுமாகத் துடைத்தெடுக்கப்பட்டது. உயிர் தப்பியவர்களுக்குக் கிடைத்த தற்காலிகக் கொட்டில்களில் பல தகரக் கூரை. மத்தியானத்தில் அதன்கீழ் பிள்ளைகளால் இருக்க முடியாது. அதனால் அவர்கள் வெளியே, கிடைத்த சீலையையும் கம்பையும் வைத்துத் தங்களுக்கு வேறு நிழல் கட்டிக்கொண்டார்கள்.

பெரியவர்களின் உலகம் இடிந்து கிடக்கும்போது பிள்ளைகள் கட்டத் தொடங்குகிறார்கள் என்பதை வேறொரு நாட்டிலும் கண்டிருக்கிறார்கள். டென்மார்க்கை ஜேர்மனியப் படை பிடித்து வைத்திருந்த 1943 இல், கோப்பன்ஹேகனின் எம்ட்ரப்பில், பழைய பலகை, செங்கல், கயிறு, மண்வெட்டியைக் கொடுத்துப் பிள்ளைகளையே கட்டவிடும் ஒரு விளையாட்டு நிலம் திறக்கப்பட்டது. அதற்கு வழிகாட்டிய தோட்டக் கட்டடக் கலைஞர் சோரன்சன், தான் அழகாக வடிவமைத்த பூங்காக்களைவிடக் கட்டட வேலை நடக்கும் இடங்களிலேயே பிள்ளைகள் அதிகம் விளையாடுவதைக் கவனித்தவர். போருக்குப் பின் அங்கே போய்ப் பார்த்த ஆங்கிலேயரான அலன் சீமாட்டி, குண்டு விழுந்து வெறுமையாய்க் கிடந்த லண்டன் மனைகளுக்கு அந்த யோசனையைக் கொண்டுபோனார்.

மட்டக்களப்பில் அதற்கு நிகராக நான் நினைப்பது வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவை. 1996 இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, யேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் இன்னும் சிலரும் சேர்ந்து நகரில் அதைத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஊர் ஊராகப் பேருந்தில் வந்து இறங்கி, ஒரே மண்ணைப் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை கட்டினார்கள், செடி வைத்தார்கள். தகப்பனை இழந்த பிள்ளையிடம் என்ன நடந்தது என்று யாரும் முதலில் கேட்கவில்லை. கையில் களிமண்ணைக் கொடுத்தார்கள். எல்லைக் கோடுகளைத் தாண்ட முடியாத காலத்தில், ஆரையம்பதிப் பிள்ளையும் காத்தான்குடிப் பிள்ளையும் போன்ற அயலூர்ப் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார ஓர் இடம் இருந்தது என்பதே பெரிய காரியம். தன் கையால் ஒன்றைச் செய்த பிள்ளைக்கு உள்ளே எதுவோ நிமிர்கிறது. அந்தப் பூங்காவில் அது ஆறுதலாக இருந்தது. நம் வளவில், போர் இல்லாத நாளில், அது வெறும் சந்தோஷமாக இருக்கலாம்.

அதனால்தான் கடையில் விற்கும் பிளாஸ்டிக் விளையாட்டு வீட்டை நான் விரும்பவில்லை. அது முடிந்து வருகிறது. பிள்ளை செய்ய எதுவும் மிச்சமில்லை. நிறம் வெளுத்து, விளிம்பு வெடித்து, பத்து வருடம் வாவிக் கரையில் கிடக்கும். தகரத்தில் கட்டினால் வெயிலுக்கு அடுப்பு, விளிம்புக்குக் கத்தி. கிடுகு அப்படியில்லை. ஒரு வருடத்தில் கறுத்து, இரண்டாம் மாரியில் ஒழுகத் தொடங்கும். அந்த ஒழுக்கை நான் குறையாகவே எண்ணுவதில்லை. வீடு ஒழுகுகிறது என்று பிள்ளை ஓடிவந்து சொல்லும் நாளில் அதற்கு ஒரு வயது கூடியிருக்கும், கை நீளமாகியிருக்கும். போன வருடம் கயிறு எடுத்துக் கொடுத்த பிள்ளை இந்த வருடம் கூரையில் கிடுகை ஏந்திப் பிடிக்கும். நிலைத்து நிற்கும் வீடு இந்த இரண்டாவது வாய்ப்பைத் தருவதில்லை.

மறுவேய்ச்சலுக்கு ஆவணி நல்ல மாதம். கோடையில் ஊறிய கிடுகு காய்ந்து கைக்கு வந்திருக்கும், மழைக்கு இன்னும் நாள் இருக்கும். இழைப்பவர்களிடம் முன்னரே சொல்லிவைத்து, முற்பணமும் கொடுத்துவிடுவது நல்லது. பாசிக்குடாப் பக்கத்து விடுதிகளின் ஓலைக் கூரைகளுக்கும் கோயில் திருவிழாப் பந்தல்களுக்கும் கிடுகு போகும் காலத்தில் சில்லறையாக முப்பது கேட்டால் கிடைக்காது. முடிந்தால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஓலை வாவியில் கிடப்பதையும், அந்த வாடையையும், கால்விரல் நரம்பைப் பிடித்திருப்பதையும் அவர்கள் பார்க்கட்டும். அநேகமாக அந்த அம்மா ஒரு துண்டு ஓலையை அவர்கள் கையில் கொடுத்து, "இந்தா, இழைச்சிப் பாரு புள்ள" என்பார். கோணலாக வரும் அதைத் தூக்கி எறியாமல் வாங்கி வந்து முகட்டுக் கிடுகுகளுக்கு நடுவில் வைத்துக் கட்டலாம். மேலே இன்னொன்று வருவதால் ஒழுகாது.

கூரையைக் கழற்றும்போது சிலாகைக் கட்டுகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள், உளுத்ததை மாற்றுங்கள். கப்பின் அடியில் மண்ணைக் கொஞ்சம் விலக்கிக் கத்தி நுனியால் குத்திப் பார்த்தால் உள்ளே திடமா, பொதுபொதுப்பா என்று தெரிந்துவிடும். கருக்கிய பூவரசாக இருந்தால் மூன்று, நாலு வருடம் போகும். பிறகு அந்த இடத்தில் வீட்டின் அளவை மாற்றுவது பிள்ளைகளின் முடிவாக இருக்கட்டும். எனக்குத் தெரிந்த ஒரு வளவில் இரண்டாவது வேய்ச்சலின்போது வாசலைக் கடற்பக்கம் திருப்ப வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதமாக நின்றார்கள். மழை அந்தப் பக்கத்திலிருந்துதான் அடிக்கும் என்று பெரியவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். பிள்ளைகள் ஒரு பழங்கிடுகை எடுத்து, மேலே மட்டும் கட்டி, வாசலில் தட்டியாகத் தொங்கவிட்டு, மழை வந்தால் இறக்கிவிடலாம் என்று காட்டினார்கள்.